ஊதா நிறம் வராத தண்ணீர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டு, அவள் கூடவே ஒட்டிக்கொண்டு வந்த என்னையும் சேர்த்துச் சோறு போட்டு வளர்த்த மச்சானுக்கு,

நலமா என்று கேட்க முடியாது. நீங்கள் போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. போன வாரம் உங்களுக்கு முதல் தெவசம் கும்பிட்டோம். அன்றைக்கு நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் செத்தால் ஏரிக்கரைக் கழனியை எவனும் ஒழுங்காகப் பார்க்கமாட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, இந்தப் போகம் உங்கள் காலத்தைவிட நன்றாகவே விளைந்தது. டீக்கடையில் உங்களைப் பற்றி ஒரு மாசம் பேசினார்கள். அப்புறம் தெற்குத் தெருவில் வேறு ஒருவர் செத்துப்போனார், பேச்சு அங்கே போய்விட்டது. உங்கள் மொபெட்டை உங்கள் அக்கா மகன் ஓட்டுகிறான். ஹாரன் கூட மாற்றிவிட்டான்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற ரோட்டில் எந்தெந்த வீட்டுக்கு என் தண்ணீர் கேன் போனதோ, அந்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நீங்கள் கருவாடு சாப்பிட்டுச் செத்ததாக இந்த ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அக்காவும் ஒரு வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தாள். உங்களைக் கொன்றது என் தண்ணீர், மச்சான்.

தண்ணீர் மெஷின் விற்கிற அந்த டை கட்டின ஆள் சென்னையிலிருந்து, நான் கேனில் தண்ணீர் பிடிக்கிற ஷெட்டுக்கு வந்த அன்று நீங்களும் இருந்தீர்கள். கால் அப்போதே வீங்கியிருந்தது. செருப்பு போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தீர்கள். அவன் மூன்று கண்ணாடி டம்ளரை வரிசையாக வைத்தான். ஒன்றில் பாட்டில் சோடா, ஒன்றில் என் கேன் தண்ணீர், ஒன்றில் அவன் மெஷினில் பிடித்த தண்ணீர். ஒரு குட்டிப் பாட்டிலிலிருந்து மூன்றிலும் சொட்டு விட்டான். சோடா ஆரஞ்சு நிறமானது. என் தண்ணீர் மஞ்சள். அவன் தண்ணீர் மட்டும் நல்ல ஊதா.

"மஞ்சள்னா ஆசிட் சார். உடம்பு ஆசிடா இருந்தாத்தான் எல்லா வியாதியும் வரும். சுகர், பிரஷர், ஹார்ட்டு, கால் வீக்கம்."

கால் வீக்கம் என்றதும் நீங்கள் குனிந்து உங்கள் காலைப் பார்த்தீர்கள். நான் அதைக் கவனித்தேன்.

"இன்னாடா சேகரு, நம்ம தண்ணி ஆசிட்டாமே," என்றீர்கள்.

யாரையும் நம்பாத மனுஷன் நீங்கள். வியாபாரி நெல்லை எடை போட்டால் மறுபடி நீங்கள் ஒரு தடவை போடுவீர்கள். டாக்டர் எழுதின மாத்திரையை மருந்துக் கடைக்காரனிடமும் பக்கத்து வீட்டு நர்ஸிடமும் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவீர்கள். அப்படிப்பட்டவர் மூன்று டம்ளர் கலரில் விழுந்தீர்கள். கண்ணால் பார்த்ததை எப்படி நம்பாமல் இருப்பது? நானும்தான் விழுந்தேன். பத்து வருஷமாகத் தண்ணீர் விற்கிறவன், தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அன்றைக்கு அவன் சொன்னது மட்டும்தான்.

மெஷின் விலையைக் கேட்டதும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சொட்டுப் பாட்டிலையும் கலர் அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடிகிற அட்டை, ஒன்றிலிருந்து பதினாலு வரைக்கும் எண் போட்டது. அப்புறம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மெஷினே வேண்டாம், வீட்டில் இருக்கிற சமையல் சோடா உப்பு போதும் என்று ஒருத்தர் சொன்னார். கேனுக்கு ஒரு ஸ்பூன் போட்டேன். சொட்டு விட்டால் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. உத்திரமேரூரில் ‘ஆசிட் இல்லாத தண்ணீர்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். ஊரில் என் கேனுக்குக் கிராக்கி ஏறியது உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பூன் போதாது என்று நினைத்தேன். நீங்கள் என் மச்சான் அல்லவா? உங்களுக்கு அந்த ஆள் காட்டின ஊதா வேண்டும். அதனால் உங்கள் கேனில் ஒரு பிடி போட்டேன். பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்தது. இரண்டு பிடி போட்டேன். அதே நிறம். மூன்று பிடி போட்டேன். அப்போதும் அதே நீலப் பச்சைதான். ஊதா வரவே இல்லை. சரக்கு மட்டம் போலிருக்கிறது என்று வேறு கடையில் வாங்கினேன். அப்புறம் மூன்று பிடியில் நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் கரையாமல் அடியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில். அந்தக் கேன் மூடியில் மார்க்கர் பேனாவால் ‘மச்சான்’ என்று எழுதி, யாரும் மாற்றி எடுத்துவிடாமல் நானே கொண்டுவந்து வைப்பேன்.

"இன்னாடா இது, சோப்புத் தண்ணி மாரி வயவயன்னு கீது," என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தீர்கள்.

"மருந்துன்னா அப்டித்தான் இருக்கும் மச்சான், குடி," என்றேன். குடித்தீர்கள்.

அதே மாசம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இருதயம் பாதி பலத்தில்தான் ஓடுகிறது, உப்பை நிறுத்த வேண்டும், தண்ணீர் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் கூடாது. அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் உப்பு ஜாடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத குழம்பு, உப்பில்லாத கீரை. தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து ஊற்றி வைத்துவிடுவாள். ஒன்றரை லிட்டர், சொட்டு கூடாது, குறையாது. என் கேனிலிருந்து அளந்தாள்.

நீங்கள் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் வாங்கித் தின்றீர்கள். அக்கா தெருவிலேயே நிறுத்திக் கத்தினாள். "செத்துப் போவணும்னு ஆசையா கீதா உனுக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உள்ளே வந்தீர்கள். ஏரித் தண்ணீருக்காகப் பாதி ஊரை எதிர்த்துச் சண்டை போட்ட மனுஷன். நான் பார்த்துச் சிரித்தேன், மச்சான். அந்தச் சிரிப்பு இப்போதும் நினைவிருக்கிறது.

வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. படுத்தால் மூச்சு முட்டியது, நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உடம்பிலிருந்து ஆசிட் வெளியே வருது மச்சான், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். அதுவும் அந்த டை கட்டினவன் சொன்னதுதான். நீங்கள் நம்பினீர்கள். அக்காவும் நம்பி, டாக்டரிடம் போக வேண்டிய தேதியைத் தள்ளிப் போட்டாள்.

கடைசி வாரத்தில் நீங்கள் கருவாடு கேட்டீர்கள். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டீர்களாம். அக்கா மூன்று நாள் மறுத்துவிட்டு நாலாம் நாள் மனசு இளகி நெத்திலிக் கருவாடு நாலு எடுத்துக் கழுவி, ஒரு கைப்பிடிச் சட்டியில் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் விடிந்து அவள் வாசல் தெளித்துவிட்டு வந்து பார்த்தபோது, நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பேச்சுதான். கருவாடு போட்டுக் கொன்னுட்டனே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். சாவுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் நான்தான் கேன் தண்ணீர் கொடுத்தேன். நல்ல மச்சினன் என்று பேர் வாங்கினேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மத்தியானம், உங்கள் மகள் கலைவாணி சமையலறை மூலையில் இருந்த உங்கள் கேனைப் பார்த்தாள். பாதித் தண்ணீர் இருந்தது. அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனி லேப்பில் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் பெருமை பேசினீர்களே, அவள் அங்கே என்ன வேலை செய்கிறாள் என்று நாம் ரெண்டு பேரும் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? தண்ணீரைச் சோதிக்கிறாள். தினமும் அதுதான் வேலை. கேனில் ஒரு வாய் குடித்துவிட்டு உடனே துப்பினாள். "மாமா, இதுல இன்னா போட்ட?" என்றாள்.

பெருமையாகத்தான் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். என் சொட்டுப் பாட்டிலையே எடுத்து, ஒரு டம்ளர் சுத்தத் தண்ணீரில் துளி சோடா உப்பைக் கரைத்துச் சொட்டு விட்டாள். பச்சையாக நின்றது. ஒரு ஸ்ட்ரா கொடுத்து, "ஊது மாமா," என்றாள். ஊதினேன். குமிழி குமிழியாகப் போனது. ஊத ஊதப் பச்சை வெளுத்து மஞ்சளானது.

"பாத்தியா? உன் மூச்சே ஆசிட்தான். மூச்சுக் காத்து தண்ணில கரைஞ்சா லேசா ஆசிட் ஆவும். உன் கேன் தண்ணில இருந்த உப்பெல்லாம் உன் ஷெட்டுல கீற ஃபில்டர் மெஷின் எடுத்துட்டுது. அதனால காத்துல கீறது கொஞ்சம் கரைஞ்சாலே மஞ்சளா காட்டும். அதுல ஒரு கெடுதலும் இல்ல."

அவள் கலர் அட்டையை எடுத்து நடுவில் விரலை வைத்தாள். ஏழு என்றால் ரெண்டும் இல்லாதது. அதற்குக் கீழே ஆசிட், மேலே காரம். ஒரு எண் தள்ளினால் பத்து மடங்கு வித்தியாசம். நம் வயிற்றுக்குள் இருக்கிற ஆசிட் ஒன்று, ரெண்டில் நிற்கிறது, என் தண்ணீர் அங்கே போனதும் அதன் காரம் செத்துவிடும். ரத்தம் ஏழரைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்தில் நிற்கும், நாம் எதைக் குடித்தாலும் நுரையீரலும் கிட்னியும் அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அது நகர்ந்துவிட்டால் ஆள் இருக்கமாட்டான். ஆக, என் சோடா உப்பு உங்கள் ரத்தத்தில் எந்தக் கலரையும் மாற்றவில்லை.

"அப்ப ஊதா ஏன் வரல?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் கேள்வி.

"சோடா உப்பு எட்டேகால், எட்டரைக்கு மேல ஏறாது மாமா. அதோட கொணம் அது. மூட்டையே கொட்டினாலும் ஊதா வராது. நீ கொட்டக் கொட்ட கலர் அப்டியே இருக்கும். சோடியம் மட்டும் ஏறிக்கினே போவும்."

சோடியம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"உப்பு ஜாடில கீற அதே சமாச்சாரம். அம்மா பீரோல பூட்டி வெச்சாங்களே, அதுல பாதி அதான். இதுல உப்புக் கரிக்காது, அதனால நாக்குக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும். அது இருக்கிற எடத்துல தண்ணி தேங்கும். காலுல தேங்கும், நெஞ்சுல தேங்கும்."

மறுநாள் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் போன் செய்தாள். நீங்கள் குடித்த ஒன்றரை லிட்டரில், ஒரு ஸ்பூன் நிறைய சாப்பாட்டு உப்பில் இருக்கிற அளவு இருந்தது என்றாள். தினமும். அக்கா கழுவிப் போட்ட நாலு நெத்திலி அதற்குப் பக்கத்தில் நிற்காது.

"நான் அம்மா கிட்ட சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். சொல்ற வரைக்கும் எங்கிட்ட பேசாத," என்று வைத்துவிட்டாள்.

நான் சொல்லவில்லை, மச்சான். கிட்டத்தட்ட ஒரு வருஷம் சொல்லவில்லை. அன்றைக்கே சோடா உப்பை நிறுத்தினேன், ஸ்டிக்கரைக் கிழித்தேன். ஒருத்தர் கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பெருநகரில் ஒரு பெரியவர், உன் தண்ணி குடிச்ச பின்னால மூட்டு வலியே இல்லப்பா என்று சோடா நிறுத்தின பிறகு வந்து சொன்னார். சரி என்று தலையாட்டினேன். தைரியம் இல்லாதவன் என்று நீங்கள் என்னைச் சின்ன வயசிலேயே சொல்வீர்கள். அது பொய்யில்லை.

உங்கள் கருமாதி அன்றிலிருந்தே அக்கா உப்பை விட்டாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அவருக்குப் போடாத உப்பு எனக்கு எதற்கு என்று மட்டும் சொன்னாள். புருஷன் மேல் எவ்வளவு பாசம் என்று ஊர் மெச்சியது. நடவு வெயிலில் நாள் முழுக்க வியர்த்துவிட்டு உப்பில்லாத கஞ்சியைக் குடித்தாள். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். இந்த நடவில் சேற்றிலேயே மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போனால், உடம்பில் உப்பே இல்லை என்று சொல்லி ஊசி வழியாக உப்புத் தண்ணீரை ஏற்றினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கஷ்டம் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் வீட்டுக்கு வந்து மறுபடியும் உப்பில்லாத கஞ்சிதான் காய்ச்சினாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

போன வாரம் தெவசத்துக்கு உங்கள் அக்கா பழையசீவரத்திலிருந்து வந்திருந்தார். படையலில் கருவாடு வைக்க வேண்டும், என் தம்பிக்கு அதுதான் பிடிக்கும் என்று நின்றார். அத மட்டும் கேக்காதீங்க அண்ணி என்று அக்கா கெஞ்சினாள். "உசுரோட கீறப்போ குடுத்தியே, இப்ப குடுக்கறதுக்கு இன்னா?" என்றார் உங்கள் அக்கா. கொடூரம் அவர் வாயிலிருந்து சாதாரணமாக வந்தது. அக்கா அடுப்புப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கலைவாணி வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். கருவாடு இல்லக்கா, நான் குடுத்த தண்ணி என்றேன். மூன்று பிடியையும் சொன்னேன், ஒரு ஸ்பூன் உப்பையும் சொன்னேன், ஒரு வருஷமாகத் தெரியும் என்பதையும் சொன்னேன். உங்கள் அக்கா என்னை அடிக்க வந்து, பாதியில் நின்றுவிட்டார்.

"மெய்யாவா?" என்று அக்கா தன் மகளைக் கேட்டாள். கலைவாணி தலையாட்டினாள்.

இப்போது அழுவாள், நெஞ்சில் இருந்தது இறங்கிவிடும் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவளுக்கு நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினாள்.

"தெனிக்கும் ஒரு ஸ்பூன் உள்ள போய்க்கினு இருந்துச்சா? அவுரு என்கிட்ட அஞ்சு மாசம் உப்பு கேட்டாருடா. சோத்துல ஒரு கல்லு போடு தனம்னு கேட்டாரு. தெருவுல நிக்கவெச்சி மானத்த வாங்கினேன். ஒரு துண்டு ஊறுகாய்க்கு. வாய்க்கு ருசி இல்லாம செத்தாருடா. எதுக்குடா நான் குடுக்காம இருந்தேன்?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா, மச்சான்?

அப்புறம் எழுந்து, கருவாட்டை எடுத்துக் கழுவி, குழம்பு வைத்தாள். இலை போட்டு, சோறு வைத்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். பீரோவைத் திறந்து உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு வந்தாள். இலையில் சோற்றின் மேலும் குழம்பின் மேலும் பொரியலின் மேலும் கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டாள். துன்னு, வேண்டிய மட்டும் துன்னு என்று உங்கள் போட்டோவைப் பார்த்துச் சொன்னாள். கற்பூரம் ஏற்றினோம். காக்காவுக்கு அந்த இலையிலிருந்து எடுக்காமல் வேறு சோறு வைத்தாள்.

படைத்த இலையை வீட்டு ஆம்பளைதான் சாப்பிட வேண்டும் என்பது நம் வழக்கம். உங்களுக்கு மகன் இல்லை. அக்கா என்னைப் பார்த்து, "ஒக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன். முதல் கவளம் நாக்கை அறுத்தது. கண்ணில் நீர் வந்தது, அது எதனால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. வேணாம் மாமா என்று கலைவாணி ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை என்னோடு பேசினாள். நான் நிறுத்தவில்லை. அக்கா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள், விருந்துக்கு வந்தவனைக் கவனிக்கிற மாதிரி.

"இன்னும் கொஞ்சம் வெக்கட்டா?" என்றாள்.

"வை அக்கா," என்றேன்.

அக்கா இப்போது உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறாளாம். கலைவாணி சொன்னாள். என்னை இனி வீட்டுக்கு வர வேண்டாம் என்று அக்கா சொல்லியனுப்பியிருக்கிறாள், வருஷத்தில் தெவச நாள் ஒன்றைத் தவிர. உங்களிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, மச்சான். கேட்டால் ரெண்டு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுக் கொடுத்துவிடுவீர்கள். நாளைக் காலையிலிருந்து வண்டியில் கேன் ஏற்றாமல் கிளம்புகிறேன். அந்த ஸ்டிக்கர் ஒட்டின கேன் போன ஒவ்வொரு வீட்டிலும் இறங்கி, நான் என்ன போட்டேன், அதைக் குடித்து யார் செத்தார் என்று சொல்வேன். ஒரு வீட்டையும் விடமாட்டேன். அடுத்த தெவசத்துக்கு அக்கா இலை போட்டுக் கூப்பிடுவாள். போய் உட்காருவேன். எவ்வளவு வைத்தாலும் சாப்பிடுவேன்.

உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்த,
தனத்தின் தம்பி, உங்கள் மச்சினன்
சேகர்